அந்த அறையில் நான் இல்லை

1

சித்திரையில் ஊரிலிருந்து தம்பி ரங்கநாதனும் அவன் மனைவி லதாவும் இங்கே வருகிறார்கள். ஜெர்மனிக்கு ஒருவரை விருந்தாளியாக அழைக்க வேண்டுமென்றால், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் 'இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் போனேன். சீட்டு எடுத்துக்கொண்டு, பலகையில் நம்பர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, என்னைவிட இளையவர், தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"சகோதரரா?"

"ஆமாம்."

"உங்கள் தந்தையின் பெயர் வேறு, இவருடைய தந்தையின் பெயர் வேறாக இருக்கிறதே."

"இவர் என் தந்தையின் அண்ணன் மகன்."

"அப்படியானால் சகோதரர் இல்லை."

கோபமாகவோ கேலியாகவோ சொல்லவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை அடித்தார். நானும் சரி என்றேன். இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயம் எது, விட்டுவிட வேண்டியது எது என்று ஓரளவு பழகிவிட்டது.

திரும்பும்போது டிராமில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. 'இவர் உங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு தாள் கேட்டு நான் விழிப்பது இது முதல் தடவை இல்லை. போன வருஷம் தையில் மாமல்லபுரம் கடற்கரையில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நல்ல பெயர், கொஞ்ச காலம் என் பெயராக மாறிப்போனது. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2

என்னை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் மல்லிகா. செங்கல்பட்டுக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டிய ஒரு ஊரில் விவசாயக் குடும்பம். பிளாஸ்மா இயற்பியல் என் துறை. கட்டி, திரவம், வாயு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வாயுவை மேலும் சூடாக்கினாலோ அதற்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினாலோ அது உடைந்து ஒளிர ஆரம்பிக்கும். அதுதான் பிளாஸ்மா. மின்னல் அது, வெல்டிங் பற்றவைக்கும்போது தெறிக்கிற வெளிச்சம் அது, பழைய டியூப் லைட்டுக்குள் இருப்பதும் அது. இதை ஒருமுறை ரங்கநாதனுக்கு விளக்கினேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் நான் 'டியூப் லைட் டாக்டர்'.

எல்லாத் துறையையும் போல எங்கள் துறையிலும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று விருதுகள் உண்டு. டாக்டர் பட்டம் வாங்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கும், வாங்கிச் சில வருஷங்களே ஆனவர்களுக்கும் மட்டும். வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு சான்றிதழும் கைதட்டலும்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம், ஒரு வருஷ ஒப்பந்தம் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கும் வயசில், 'இது இவர் சொந்தமாகச் செய்த வேலை, இவருடைய பேராசிரியர் செய்ததல்ல' என்று நாலு பேர் பொதுவில் சொல்வது பெரிய விஷயம். அதை வைத்துத்தான் அடுத்த கதவு திறக்கும்.

எனக்கு அப்படி ஒன்றும் கிடைத்ததில்லை. அந்த வருஷங்களில் என் மகன் கதிர் கைக்குழந்தை. குழந்தை வளர்த்த காலத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை என்று எழுதப் போனேன். எப்போதாவது யோசிப்பதுண்டு.

3

போன வருஷம் தையில் ஒரு சர்வதேச மாநாடு மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் இப்பால், கடலோர விடுதி ஒன்றில் நடந்தது. இளம் ஆராய்ச்சியாளர் விருதுக்கான நடுவர்களில் ஒருத்தியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விண்ணப்பங்களைச் சலித்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தது வேறொரு குழு. அந்த ஆறு பேரின் பேச்சையும் நேரில் கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் ஐந்து பேர் வேலை.

பிறந்த மாவட்டத்துக்கு வெளிநாட்டுப் பிரதிநிதியாக வருவது ஒரு மாதிரியான அனுபவம். வாசலில் சந்தனம் வைத்தார்கள், சங்கு மாலை போட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "காலைல நாஸ்தா எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிரேக்ஃபாஸ்ட்டா மேடம்? செவன் தர்ட்டி" என்றாள். நான் 'டாங்கே' என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பத்தடி போன பிறகுதான் எந்த மொழியில் நன்றி சொன்னோம் என்பது உறைத்தது.

மறுநாள் காலை, கூட்ட அரங்குக்குப் போகும் வழியில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"யக்கா. மல்லிகாக்கா."

ரங்கநாதன். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஊரப்பாக்கத்தில் அவனுக்குத் தண்ணீர் லாரிகள் ஓடுகின்றன. அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற தொழில். நல்ல நிலைமையில் இருக்கிறான். நான் பார்த்து ஆறேழு வருஷம் இருக்கும், தலை நரைத்திருந்தது.

"இன்னாக்கா, நீ இங்க கீற? ஊருக்கு வந்துகினு ஒரு போன் இல்ல."

"மாநாடு முடிஞ்சு வரலாம்னு இருந்தேன்டா. நீ எங்க இங்க?"

"பாப்பாவ வுட வந்தேன். வண்டலூர் ரோட்ல செம டிராபிக். இங்க ஏதோ பேசப்போறாளாம், பரிசு குடுக்கறாங்களாம், ஆறு பேர்ல ஒரு ஆளாம். நீயும் அதுக்குத்தான் வந்தியா?"

அவனுக்குப் பின்னால் பருத்திச் சுடிதாரில், தோளில் லேப்டாப் பையுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். கடைசியாக அவளைப் பார்த்தபோது பாவாடை சட்டையில் இருந்தாள். பொத்தேரி பல்கலைக்கழகத்தில் ஏதோ படிக்கிறாள் என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் எப்போதோ பார்த்த ஞாபகம். முந்தின நாள் கையில் கொடுத்த பட்டியலில் 'பவித்ரா ஆர்., தூசிப் பிளாஸ்மா' என்று ஒரு வரியைப் படித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பவித்ராக்களும் ஏராளம், ஆர் என்ற இனிஷியலும் ஏராளம்.

"வணக்கம் அத்தை," என்றாள்.

"நீ தூசிப் பிளாஸ்மாவுலயா வேலை செய்யற? எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதணும்னு நெனச்சேன். எழுதினா சிபாரிசு கேக்கற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

நான் நடுவர் என்பதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க முடியாது; அரங்கின் முதல் வரிசையில் என் பெயர்ப்பலகையே இருந்தது. பவித்ராவின் முகம் சுருங்கியது. ரங்கநாதனின் முகம் மலர்ந்தது.

"நீதான் மார்க் போடறவளா? அப்ப கவலயே இல்ல," என்றான்.

4

நடுவர் குழுவின் தலைவி இரேனா, போலந்துக்காரர். நேரே அவரிடம் போனேன். இதற்கென்றே ஒரு தாள் இருந்தது. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தவர், மாணவர், சேர்ந்து கட்டுரை எழுதியவர் என்று வரிசையாகக் கட்டங்கள். பவித்ரா எதிலும் வரவில்லை.

"உங்களுக்கு அவர் என்ன வேண்டும்?" என்றார் இரேனா.

"என் தந்தையின் அண்ணன் மகனுடைய மகள்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு என்றார். 'ஒரு படி விலகிய கசின்' என்று அர்த்தம் வரும். "இது விதிப்படி சிக்கல் இல்லை. நீங்கள் உட்காரலாம். எங்கள் ஊரில் இத்தனை தூரத்து உறவைத் தெருவில் பார்த்தால் அடையாளம்கூடத் தெரியாது. உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?"

"தம்பி மகள்."

அதன் அர்த்தத்தையும் சொன்னேன். அவர் தாளை மூடினார். "அப்படியானால் நீங்கள் உட்காரக் கூடாது," என்றார்.

ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்து பேருக்கு மதிப்பெண் போடுவதும் நியாயமில்லை; மற்றவர்களுக்குக் குறைத்துப் போட்டாலே அவள் முந்திவிடுவாளே. அதனால் அந்த வருஷத் தேர்விலிருந்தே முழுக்க விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். என் பெயர்ப்பலகையை நானே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ரங்கநாதன் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"யாராவது ஒன்ன வெளிய போவச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான்."

"இன்னாக்கா இது. வெண்ணெய கைல வச்சிகினு நெய்க்கு அலையச் சொல்றியா? நாலு வருசமா அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமகூட வூட்ல இருந்ததில்ல. ஒரு அத்தைன்னு நீ இன்னாத்துக்கு?"

"நான் உள்ள இருந்து அவளுக்குக் கெடைச்சா, அது அவளுக்குக் கெடைச்சதா இருக்காதுடா."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டான்.

5

மறுநாள் பவித்ரா பேசியபோது நான் கடைசி வரிசையில், வடை தின்றுகொண்டிருந்த இரண்டு மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் கலத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டுப் பிளாஸ்மாவை உண்டாக்குவார்கள். அதற்குள் மாவைவிட நுண்ணிய தூசியைத் தூவினால், அது மின்னூட்டம் பெற்றுக் கீழே விழாமல் அந்தரத்தில் மிதக்கும். விழாதது மட்டுமில்லை, நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாகத் தானே நின்றுகொள்ளும். லேசர் வெளிச்சத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வரிசையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓர் அசைவு ஓடுவதை அவள் கண்டிருந்தாள். அது ஏன் வருகிறது என்பதற்கு அவள் கொடுத்த கணக்கு எளிமையாகவும் சரியாகவும் இருந்தது. முன்பே கட்டுரையாகப் படித்திருந்தால் என் மாணவர்களிடம் காட்டியிருப்பேன்.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு மூத்த பேராசிரியர், தெற்கு பிரான்ஸைச் சேர்ந்தவர், மைக்கை வாங்கி வேகமாக ஏதோ கேட்டார். அவருடைய ஆங்கிலம் அவர் வீட்டாருக்கே புரியுமா என்பது சந்தேகம். எனக்குப் புரிந்தது, பல வருஷப் பழக்கம். பவித்ராவுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் இன்னும் வேகமாகச் சொன்னார். அரங்கில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

ஒரு வரி தமிழில் சொன்னால் போதும். எழுந்திருக்கக்கூட வேண்டாம். என் கை முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. நான் எழவில்லை.

பவித்ரா மேடையிலிருந்து இறங்கினாள். நேரே அவரிடம் போய், மார்க்கர் பேனாவை நீட்டி, "நீங்கள் கேட்பது முக்கியமான கேள்வி என்று தோன்றுகிறது. தயவுசெய்து பலகையில் எழுதுங்கள்," என்றாள். அவர் எழுதினார். எழுதிய சமன்பாட்டின் இரண்டாவது உறுப்பில் அவளே கைவைத்து, இது தன் கலத்தில் ஏன் பொருந்தாது என்று விளக்கினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த மாணவன் வடையை மென்றபடி, "சூப்பர்" என்றான்.

நடுவர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் நான் கடற்கரைக்குப் போனேன். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பதினாறு வயசில், பள்ளிச் சுற்றுலாவில் இதே கடற்கரைக்கு வந்து, எதிர்க்கரை எங்கே இருக்கும் என்று யோசித்தது நினைவுக்கு வந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் கதிர் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டான். அவன் அங்கே தச்சுவேலை பயில்கிறான். இயற்பியலின் நிழல்கூடத் தன் மேல் படாமல் பார்த்துக்கொள்கிறவன். தமிழ் புரியும், பதில் ஜெர்மனில்தான் வரும். நடந்ததைச் சொன்னேன்.

"வெளியேதானே வர வேண்டும். இதில் என்ன இருக்கிறது?" என்றான். "சரி, அந்தப் பவித்ரா யார்?"

"ஒனக்கு மாமா பொண்ணு."

"அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

எண்ணத் தொடங்கினேன். அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

6

அன்று விருந்தில் இரேனா அறிவித்தது பவித்ராவின் பெயரைத்தான். நால்வரும் ஒருமனதாக என்று சொன்னார். பவித்ரா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். பேசச் சொன்னபோது தன் பேராசிரியருக்கும், ஆய்வகத்தில் உடன் வேலை செய்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நான் கை வலிக்கக் கைதட்டினேன்.

வெளியே கேட்டில் ஒரு வேன் நின்றிருந்தது. ரங்கநாதன், லதா, லதாவின் தங்கை குடும்பம், ஊரிலிருந்து வந்த இரண்டு பெரியவர்கள். உள்ளே விடவில்லை என்று காவலாளியுடன் வாக்குவாதம். நான் போனதும் ரங்கநாதன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"செஞ்சிட்டக்கா. செஞ்சிட்ட."

"நான் ஒண்ணும் செய்யலடா. அந்த ரூம்லயே நான் இல்ல. சொன்னேனே."

"நேத்து சொன்னதும் நான் கூட நம்பிட்டேன். இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு அப்பறம்தான் தோணுச்சு." ஒரு கண்ணைச் சிமிட்டினான். "நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரப்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிரியாணி செய்து, ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். பேனரில் பவித்ராவின் படம் ஒரு தட்டு அளவு. என் படம் ஆள் உயரம். வாட்ஸாப்பிலிருந்து எடுத்தது, கம்பளித் தொப்பியோடு பனியில் நிற்கும் படம். 'ஜெர்மனி டாக்டர் மல்லிகா அக்காவின் நல்லாசியுடன் விருது பெற்ற எங்கள் வீட்டுச் செல்லம்' என்று எழுதியிருந்தது. லாரி ஓட்டுநர்கள் வரிசையாக வந்து எனக்குச் சால்வை போட்டார்கள். பவித்ரா எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து பேசினேன். பரிசு பவித்ராவின் உழைப்புக்குக் கிடைத்தது, தேர்வுக் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன், அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரிடமும் பேசவில்லை என்று தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். முடித்ததும் ஒரு பெரியவர், "பாத்தியா, எவ்ளோ பெரிய எடத்துல இருந்தும் தான் செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்குது. வளர்ப்பு அப்பிடி," என்றார். கைதட்டினார்கள். முன்பைவிட ஒரு சால்வை கூடுதலாக வந்தது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பவித்ரா நின்றிருந்தாள். கீழே ரயில் போகிற சத்தம்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"நெஜமாவே நீங்க அந்த ரூம்ல இல்லையா?"

மற்றவர்கள் நம்பாதது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இவள் கேட்டது அப்படி இல்லை.

"இல்லம்மா. கடற்கரையில இருந்தேன். இரேனாவக் கேட்டுப் பாரு."

"அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா நானே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்." சுவரின் காரையைச் சுரண்டினாள். "எனக்கு உங்க மேல சந்தேகமில்ல. ஆனா ஒவ்வொருத்தரா வந்து சொல்றப்ப, நடுராத்திரில முழிச்சு யோசிக்கறேன். நான் அவ்வளவு நல்லாவா பேசினேன்னு. நீங்க அந்தக் குழுவிலயே இல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அத்தை."

"ஆமாம்," என்றேன். "நல்லா இருந்திருக்கும்."

தன்னையே சந்தேகப்படுவது நல்ல ஆராய்ச்சியாளரின் அடையாளம், உன் சமன்பாடு சரி என்றெல்லாம் சொல்லலாம். நான் சொல்கிற எதுவும் அன்று சிபாரிசாகத்தான் அவள் காதில் விழும்.

7

ஜெர்மனிக்குத் திரும்பினேன். அதே டிராம், அதே ஆய்வகம், சனிக்கிழமை காய்கறிச் சந்தை. சில மாதம் கழித்து பவித்ரா கூப்பிட்டாள். விருதுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று நான் இருக்கும் இதே ஊரில், எனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு ஆராய்ச்சி நிலையத்தில். பெரிய கருவிகள், வசதியான இடம். இன்னொன்று செக் நாட்டில் ஒரு சின்ன ஊரில், சின்னக் குழு.

"செக்குக்குப் போறேன் அத்தை. கோச்சிக்காதீங்க."

"எதுக்குக் கோச்சிக்கணும்?"

"உங்க ஊருக்கு வந்தா, சாகற வரைக்கும் நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்கன்னு ஆயிடும்."

இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள், தமிழில் பேச ஒருத்தி இருப்பாள் என்றெல்லாம் நான் ஏற்கனவே நினைத்துவிட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. குளிருக்கு என்ன வாங்க வேண்டும், எங்கே வாங்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே ரங்கநாதன்.

"அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. ஒன் வூட்டாண்ட இருந்தா நாங்க நிம்மதியா இருப்போம். யாரும் இல்லாத ஊருக்குப் போறேங்கறா. இன்னா புள்ள இது?"

"நான் சொல்ல மாட்டேன் ரங்கா."

"எதுக்கு?"

"அவ யோசிச்சு எடுத்த முடிவு. அது சரியான முடிவு."

"பரிசு வாங்கிக் குடுக்கத் தெரிஞ்சுது, புத்தி சொல்லத் தெரியலயா?"

"வாங்கிக் குடுக்கல."

"ஆமா ஆமா. குடுக்கல." இந்த முறை கண்சிமிட்டல் இல்லை, எரிச்சல். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. குடும்பக் குழுவில் தீபாவளி வாழ்த்துப் போட்டேன். எல்லோரும் பதில் போட்டார்கள், அவனைத் தவிர. என் வயசில் இப்படியொன்று நடந்தால் தூக்கம் கெடாது என்று நினைத்திருந்தேன். ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும், நான் அழுத்தமானியை வெறித்துக்கொண்டு, பாலாற்று மணலில் கால் புதைய அவனோடு நடந்த நாள்களை நினைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

8

மார்கழியில் ஒரு நாள், இங்கே காலை நேரம், அவனே கூப்பிட்டான். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, அந்தத் தூசி ஆடறத நீ நேர்ல பாத்துக்கீறியா?"

எந்தத் தூசி என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"இல்லடா. எல்லாரும் பாத்த வீடியோதான் பாத்தேன்."

"நான் பாத்தேன்," என்றான்.

பவித்ரா கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. பொத்தேரியில் ஹாஸ்டலையும் ஆய்வகத்தையும் காலி செய்து, அவள் முதன்முதலில் செய்து பார்த்த பழைய கண்ணாடிக் கலம் உட்பட சாமான்களை ஏற்ற இவனே வண்டி கொண்டுபோயிருக்கிறான். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் அவன் போனது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் இருங்கப்பா என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கருவியை ஓட்டிக் காட்டியிருக்கிறாள்.

"ஊதாக் கலர்ல ஒரு வெளிச்சம். அது நடுவுல பச்சையா, புள்ளி புள்ளியா, கோலத்துக்கு வச்ச மாதிரி. கீழயும் வுழுல, மேலயும் போவுல. நின்னுகினே கீது. அப்பறம் பாத்தா லேசா அசையுது. எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு. மோட்டார்லயே பொழப்பு ஓட்டறவன் நான். பக்கத்துல அவ்ளோ பெரிய பம்பு ஓடுது, தரையே அதுருது. பம்பு ஆட்டுதும்மா, அதான் ஆடுது, இதப் போயா கண்டுபுடிச்சேன்னு சொல்றன்னு கேட்டேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு வால்வ மூடுனா. போயி பம்ப நிறுத்துனா. ரூமே கம்முனு ஆயிடுச்சுக்கா. நீயே பாருப்பான்னா. பாத்தேன்."

"ம்."

"ஆடிக்கினே கீது."

அவன் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் கேட்டது.

"அவளும் மொதல்ல பம்புதான்னு நெனச்சாளாம். எத்தினியோ நாள் நிறுத்தி நிறுத்திப் பாத்தாளாம். வேற யாரும் சொல்லிக் குடுக்கலியா இத?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. அவளேதான்."

"இதுக்குத்தான் குடுத்தாங்களா?"

"இதுக்குத்தான்."

"அப்ப நீ ஒண்ணுமே செய்யலியா?"

"ஒண்ணுமே செய்யல."

"சரி," என்றான். பிறகு மறுபடியும், "சரி."

போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பக்கத்தில் யாரோ சாமான் ஏற்றும் சத்தம், ஏதோ தரையில் உரசியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான்.

"அண்ணாத்த, அந்தப் பொட்டிய மெதுவா புடி. உள்ள கண்ணாடி கீது. என் பொண்ணு செஞ்சது."